யாப் தீவுக்கு ஒரு பயணம்: ஒவ்வொரு கல்லுக்கும் உரிமையாளர் இருக்கும் இடத்தில் விருந்தினராகத் தங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

இராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட அதே அட்சரேகையில், ஆனால் கிழக்கே வெகு தொலைவில், பிலிப்பைன்சுக்கும் குவாமுக்கும் நடுவே பசிபிக் பெருங்கடலில் கிடக்கிறது யாப். மைக்ரோனேசியக் கூட்டு நாடுகள் என்னும் நாட்டின் நான்கு மாநிலங்களுள் இது மேற்கோரத்தில் உள்ளது. 2010 கணக்கெடுப்பின்படி மாநிலம் முழுவதிலும் சுமார் 11,400 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் 7,400 பேர் வரை முதன்மைத் தீவுக் கூட்டத்தில் இருந்தனர். அந்தக் கூட்டத்தில் யாப், ககில்-தோமில், மாப், ருமுங் என்னும் தீவுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி ஒரே பவளப்பாறை வளையத்துக்குள் அமைந்துள்ளன. சில வரைபடங்களில் தோமில் என்னும் பகுதி 'தமில்' என்றே எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நம்மவர் சிலர் துள்ளிக் குதிப்பதுண்டு. யாப் மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் ஒலி ஒத்திருப்பதைத் தவிர அங்கே நமக்கு உறவு எதுவும் இல்லை. உண்மையான உறவு வேறோரிடத்தில், வாய்க்குள், இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே செய்தியைச் சுற்றியே வரும். யாப் தீவில் பொது இடம் என்று நாம் நினைக்கும் பெரும்பாலானவை பொது இடங்கள் அல்ல. கற்பாதை, தென்னந்தோப்பு, கண்டல் காடு, கடற்கரை, அதற்கு அப்பால் பவளப்பாறை வரையுள்ள ஆழமற்ற கடல் என அனைத்துக்கும் உரிமையுடைய குடும்பமோ ஊரோ உண்டு. ஆகவே இங்கே பயணத் திட்டம் என்பது, எந்த இடத்துக்கு யாரிடம், எந்த வரிசையில் அனுமதி கேட்பது என்பதே. அதைச் சரியாகச் செய்தவருக்கு யாப் மக்கள் அளிக்கும் வரவேற்பு மிகவும் கனிவானது.

முதல் படி: இந்தத் தீவு உங்களுக்கு உரியதா என்று முடிவு செய்தல்

வெண்மணல் கரை, நீல நீர், கையில் இளநீர் என்னும் படம் மனத்தில் இருந்தால் மாலத்தீவே போதும், செலவும் குறையும். யாப் கரையின் பெரும்பகுதி கண்டல் காடு. நீந்துவதற்கு ஏற்ற மணற்கரைகள் மாப் போன்ற பகுதிகளில் சில இருந்தாலும் அவையும் ஊராருக்கு உரியவை. மாலை நேரக் கேளிக்கை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தலைநகரான கொலோனியா, நம் ஊர்க் கடைத்தெரு ஒன்றைக் கடல் விளிம்பில் நீட்டி வைத்தது போன்ற அளவே உடையது.

இவ்வளவு அமைதி தற்செயலாக எஞ்சியதன்று. ஸ்பெயின், 1899 முதல் ஜெர்மனி, 1914 முதல் ஜப்பான், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா என ஒன்றன்பின் ஒன்றாக அயலார் ஆண்டபோதும், ஊர்த் தலைவர்களின் அதிகாரம் இங்கே அழியவில்லை. இன்றும் முதன்மைத் தீவுகளுக்குப் பிலுங் மன்றம், வெளித்தீவுகளுக்குத் தமோல் மன்றம் என இரண்டு தலைவர் மன்றங்கள் மாநில அரசமைப்பிலேயே இடம்பெற்றுள்ளன. மரபையும் வழக்கத்தையும் பாதிக்கும் சட்டத்தை நிராகரிக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. 2012 வாக்கில் சீன நிறுவனம் ஒன்று ஆயிரக்கணக்கான அறைகளுடன் மாபெரும் விடுதித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது தலைவர் மன்றங்களும் ஊர் மக்களும் எதிர்த்தனர்; திட்டம் நிறைவேறவில்லை. நீங்கள் காணப்போகும் அமைதி, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் காத்த அமைதி. அதே 'வேண்டாம்' சில சமயம் உங்களுக்கும் சொல்லப்படும் என்பதை ஏற்க முடிந்தால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவில், 27 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். மாறுவது மழை மட்டுமே. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஒப்பீட்டளவில் மழை குறைவு. ஜூலை முதல் அக்டோபர் வரை மிகுதி. சூறாவளி எந்த மாதத்திலும் வரக்கூடும். 2004 ஏப்ரலில் வீசிய சூடல் சூறாவளி தீவின் பெரும்பாலான கட்டடங்களைச் சேதப்படுத்தியது. ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கும் உங்கள் பணி நாளுக்கும் இடையே இரண்டு மூன்று நாள்கள் இடைவெளி விடுவது நல்லது.

ஒரே ஒரு காலத்தைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் பிப்ரவரி இறுதியைச் சொல்வேன். மார்ச் 1 யாப் நாள். ஊர்கள் பல மாதங்கள் பயின்ற நடனங்களை அப்போது அரங்கேற்றும். கூடை முடைதல், தேங்காய் உரித்தல் போன்ற போட்டிகளும் நடைபெறும். இது சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொடங்கிய விழா அன்று. யாப் மக்கள் தங்களுக்காக நடத்தும் விழா. எனவே அயலார் ஓரமாக அமர்ந்து பார்ப்பதில் இடையூறு இல்லை. தங்குமிடங்கள் குறைவு என்பதால் அந்த வாரத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் படி: கடவுச்சீட்டும் விமானமும்

இந்தியரையும் இலங்கையரையும் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது இந்தப் படியே. மைக்ரோனேசியக் கூட்டு நாடுகள் 30 நாள்கள் வரை தங்கும் பயணிகளிடம் முன்கூட்டிய விசா கேட்பதில்லை. கடவுச்சீட்டு போதிய காலத்துக்குச் செல்லுபடியாவதும் திரும்பும் பயணச்சீட்டு கையில் இருப்பதும் போதும். ஆனால் அங்கே கொண்டு சேர்க்கும் வழக்கமான வழி குவாம். குவாம் அமெரிக்க ஆட்சிப் பகுதி. விமானம் மாறுவதற்காக இரண்டு மணி நேரம் இறங்கினாலும் அமெரிக்கக் குடிவரவைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கு அமெரிக்க விசா தேவை. குவாமுக்கென்று உள்ள விசா விலக்குப் பட்டியலில் இந்தியா இல்லை. அமெரிக்கத் தூதரக நேர்காணலுக்கு நாள் கிடைப்பதற்கே பல மாதங்கள் ஆகலாம் என்பதால், ஏற்கனவே அமெரிக்கப் பயணி விசா வைத்திருப்பவர்களுக்கே யாப் எளிது. மற்றவர்கள் ஓராண்டு முன்னதாகத் தொடங்க வேண்டும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சிங்கப்பூர் அல்லது வேறொரு கிழக்காசிய நகரம், அங்கிருந்து மணிலா, பின்னர் குவாம், பிறகு யாப் என்பது ஒரு வழி. குவாமிலிருந்து யாப்புக்குத் தென்மேற்காகச் சுமார் 850 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பறத்தல். அந்தத் தடத்தில் யுனைடெட் நிறுவனம் வாரத்தில் மிகச் சில நாள்களே விமானம் இயக்குகிறது. எனவே முதலில் குவாம்–யாப் இருக்கையை உறுதி செய்துவிட்டு, பிறகு மற்றப் பயணச்சீட்டுகளை அதற்கு ஏற்ப வாங்குங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள் குவாமில் விடுதிக்குப் பணம் கொட்டிக் காத்திருக்க நேரிடும்.

நான்காம் படி: பெட்டியில் வைக்க வேண்டியவை

புழங்கும் பணம் அமெரிக்க டாலர். ஊர்களில் கட்டணமோ அன்பளிப்போ கொடுக்கச் சிறு நோட்டுகளே பயன்படும். 1, 5, 10 டாலர் நோட்டுகளாக ஒரு கட்டு வைத்திருங்கள். கடன் அட்டை சில விடுதிகளைத் தாண்டி உதவாது. மின்சாரம் அமெரிக்க முறையில் 120 வோல்ட். தட்டைக் கம்பிச் செருகிக்கு மாற்றி தேவை.

உடை விஷயத்தில் நம்மவருக்கு ஓர் எளிமை உண்டு. யாப் மரபில் பெண்ணின் மார்பு மறைக்கப்பட வேண்டியதாகக் கருதப்படுவதில்லை. தொடையே மறைக்கப்பட வேண்டியது. மேலாடையின்றி நடனமாடும் மூதாட்டியின் எதிரில் அரைக்காற்சட்டை அணிந்து நிற்கும் அயல்நாட்டுப் பெண்ணே அங்கே நாணமற்றவராகத் தோன்றுவார். சுடிதார், நீண்ட பாவாடை, சேலை ஆகியவை அனைத்தும் யாப் ஊர்களுக்குப் பொருத்தமானவை. நீச்சலுடையோடு விடுதி வாசலைத் தாண்டி வரக் கூடாது. படகில் செல்லும்போதும் இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வது நல்லது. ஆண்கள் முழங்கால் வரை வரும் காற்சட்டை அணியலாம்.

கொசு விரட்டி, மழைச்சட்டை, ஈரக் கற்களில் வழுக்காத செருப்பு, கைவிளக்கு, அன்றாடம் உண்ணும் மருந்துகள் ஆகியவை கட்டாயம். மருந்துக் கடையை நம்பிச் செல்லக் கூடாது. ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வெளியே சிக்கா காய்ச்சல் முதன்முதலாகப் பெருமளவில் பரவியது யாப் தீவில்தான், 2007ஆம் ஆண்டில். டெங்குவும் அவ்வப்போது தலைகாட்டும். எனவே கொசுவை அற்பமாக எண்ணாதீர்கள். தாவரம், விதை, பழம் எதையும் அறிவிக்காமல் கொண்டு செல்லக் கூடாது.

ஐந்தாம் படி: முதல் நாளைக் கொலோனியாவில் செலவிடுதல்

வந்து இறங்கிய மறுநாளே ஊர்களுக்குள் புறப்பட்டுவிடாதீர்கள். கொலோனியாவில் உள்ள சுற்றுலா அலுவலகத்துக்குச் சென்று, எந்தெந்த ஊர்களுக்குச் செல்ல விருப்பம், எத்தனை பேர், படம் எடுக்கும் எண்ணம் உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்களோ நீங்கள் தங்கும் விடுதியினரோ ஊர்த் தலைவருக்குச் செய்தி அனுப்பி, அந்த ஊரைச் சேர்ந்த ஒருவரை வழித்துணையாக ஏற்பாடு செய்வர். வழித்துணை அந்த ஊர்க்காரராகவே இருக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். அயலூர்க்காரர் ஒருவர் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும், அந்த மண்ணில் அவரும் உங்களைப் போல ஒரு விருந்தினரே.

இந்த ஒரு நாளில் நான்கு சொற்களைப் பழகிக்கொள்ளலாம். மொகெதின் என்றால் வணக்கம். கம்மகார் என்றால் நன்றி. கெஃபெல் என்பது விடைபெறும் சொல். நான்காவது சொல்லான சிரோ, மன்னிக்கவும், பொறுத்துக்கொள்ளவும் என்னும் பொருளில் வருவது. ஒருவர் முன்னால் கடந்து செல்லும்போதும், அமர்ந்திருப்பவர்களிடையே புகுந்து போக நேரும்போதும், தெரியாமல் எதையேனும் மிதித்துவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும். நான்கில் ஒன்றை மட்டுமே மனத்தில் இருத்த முடியும் என்றால் இதை இருத்துங்கள்.

ஆறாம் படி: ஊருக்குள் நடத்தல்

யாப் ஊர்களை இணைப்பவை பழைய கற்பாதைகள். தட்டையான கற்களை நெருக்கமாகப் பதித்து, சேற்று நிலத்துக்குச் சற்று மேலே உயர்த்திக் கட்டியவை. இருபுறமும் மூங்கிலும் கமுகும் நிழல் தரும், தாழ்ந்த இடங்களில் சேம்புக் குளங்கள் தேங்கி நிற்கும். மழை பெய்த மறுநாள் இந்தக் கற்கள் பாசியால் வழுக்கும். மெதுவாக நடக்க இது ஒரு நல்ல காரணம். மற்றக் காரணங்கள் பின்வருவன.

ஊர் எல்லைக்குள் நுழையும் முன் வழியோரத்தில் ஒரு பச்சை இலையையோ சிறு தழையையோ எடுத்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் இலையோடு வருபவர் தீய எண்ணத்தோடு வரவில்லை என்பது அதன் பொருள். ஊரார் கண்ணுக்கு நீங்கள் மரியாதை அறிந்தவர் என்பதும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வரிசையாக ஒருவர் பின் ஒருவராக நடங்கள். உரக்கப் பேசுவதும், ஆளை நோக்கி விரல் நீட்டுவதும், நீட்டி அமர்ந்திருப்பவரின் காலைத் தாண்டுவதும் தவறு. கடைசியாகச் சொன்னதை நம் வீடுகளில் பாட்டிமார் கண்டித்தது நினைவிருந்தால் யாப் ஊரில் பாதி ஒழுக்கம் உங்களுக்குத் தானாகவே வந்துவிடும். இருட்டிய பிறகு அழைப்பின்றி ஊருக்குள் இருக்கக் கூடாது.

கட்டடங்கள் இரண்டு வகையாகக் கண்ணில் படும். கரையோரமாக, உயர்ந்த கல் மேடைமேல், செங்குத்தான ஓலைக் கூரையோடு நிற்பது ஃபலூ என்னும் ஆடவர் மனை. மீன்பிடித் தொழிலையும் ஊர்க் கதைகளையும் இளைஞர் கற்ற இடம் அது. பெண்கள் அதற்குள் செல்வது மரபன்று. சில ஊர்களில் அயல்நாட்டுப் பெண்களுக்கு விலக்கு அளிப்பதுண்டு. ஆயினும் அவர்களாக அழைக்கும் வரை வெளியே நிற்பதே முறை. பெபாய் என்பது ஊர் மன்றம். அது எல்லோரும் கூடும் இடம். இவை எவற்றிலும் ஆணி அடிப்பதில்லை; தேங்காய் நாரால் திரித்த கயிற்றாலேயே உத்தரமும் தூணும் கட்டப்பட்டிருக்கும். கயிற்றின் முடிச்சு வரிசையைச் சற்று நின்று பாருங்கள்; அது கட்டுமானமாக இருப்பதோடு அலங்காரமாகவும் இருக்கும்.

தபினாவ் என்னும் சொல்லை வழித்துணையிடம் கேட்டுப் புரிந்துகொள்வது நல்லது. வீட்டு மேடை, சேம்புக் குளம், தோட்டம், கடலில் ஒரு பங்கு ஆகிய அனைத்தும் சேர்ந்த குடும்ப நிலத்தையும் அந்தக் குடும்பத்தையும் அது ஒருங்கே குறிக்கும். மனிதருக்குத் தகுதி தருவது நிலம் என்பதே அங்கே கருத்து; நிலத்தின் தகுதியே அதில் வாழ்பவருக்கு வருகிறது. ஊர்களுக்கிடையேயும் அத்தகைய மேல் கீழ் வரிசை உண்டு. இதைக் கேள்விப்பட்டவுடன் நம் ஊர்ச் சாதியோடு ஒப்பிட நம்மவருக்கு நாக்குத் துடிக்கும். உங்கள் ஊர் எந்தப் படியில் இருக்கிறது என்று ஒருபோதும் கேட்காதீர்கள். தாழ்ந்த வரிசை ஊரைச் சேர்ந்த ஒருவரை அயலார் முன் அந்தப் பதிலைச் சொல்ல வைப்பது கொடுமை. அது எவ்வளவு கொடுமை என்பதை அறிய நமக்கு வேறு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: பாக்குக் கூடையைப் புரிந்துகொள்ளுதல்

தொடக்கத்தில் சொன்ன வாய்வழி உறவு இதுவே. யாப் மக்கள், ஆணும் பெண்ணும், தென்னோலையில் முடைந்த ஒரு கைக்கூடை இல்லாமல் வெளியே வருவதில்லை. அதற்குள் பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு ஆகியவை இருக்கும். இக்காலத்தில் பலர் புகையிலையும் வைத்துக்கொள்கின்றனர். பாக்கை அவர்கள் புவ் என்றும் வெற்றிலையைக் கபுய் என்றும் அழைப்பர். நம்மைப் போல் காய்ந்த கொட்டைப் பாக்கைச் சீவுவதில்லை; பசுங்காயைப் பல்லால் பிளந்து, உள்ளே சுண்ணாம்பைத் தூவி, வெற்றிலையில் மடித்து மெல்வர். சுண்ணாம்பு பவளத்தைச் சுட்டுச் செய்தது.

ஒருவர் பாக்கு நீட்டினால் அது பேச்சுக்கான அழைப்பு. தாம்பூலம் வைத்து அழைக்கும் வழக்கமுள்ள நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியுள்ளது. மெல்ல விரும்பாதவர் பாக்கைக் கையில் வாங்கி நன்றி சொல்லிப் பையில் வைத்துக்கொண்டால் போதும். மறுத்துத் தள்ள வேண்டாம். பிறர் கூடைக்குள் எட்டிப் பார்ப்பதும் கை விடுவதும் பெரும் பிழை. ஊருக்குச் செல்லும்போது கொலோனியாக் கடைகளில் கிடைக்கும் பாக்குப் பை ஒன்றையும் வெற்றிலையையும் வாங்கிச் சென்று, வழித்துணையிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கொடுப்பது மிகச் சிறந்த அன்பளிப்பு. வீட்டிலிருந்து வாசனைப் பாக்குப் பொட்டலம் கொண்டு செல்லலாமே என்று தோன்றும். தாவரப் பொருள் சோதனை இருப்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மஞ்சளும் நமக்குப் பழக்கமான ஒன்று. ரெங் என்று அவர்கள் சொல்லும் மஞ்சள்பொடியை நடனத்துக்கு முன் உடலெங்கும் பூசிக்கொள்வர். வெளித்தீவுகளுக்கு யாப் அனுப்பிய மதிப்புமிக்க பொருள்களுள் அதுவும் ஒன்று.

எட்டாம் படி: கல் பணத்தைப் பார்த்தல்

யாப் என்றவுடன் உலகம் நினைப்பது ராய் என்னும் கல் பணத்தை. நடுவில் துளையிட்ட வட்டக் கல். கைக்கு அடங்கும் சிறு வட்டம் முதல் 3.6 மீட்டர் விட்டமும் நான்கு டன் எடையும் கொண்டது வரை உண்டு. துளை, மரத்தடியை நுழைத்துப் பலர் தோளில் தூக்குவதற்காக. யாப் மண்ணில் இந்தச் சுண்ணாம்புக் கல் கிடையாது. தென்மேற்கே 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பலாவ் தீவுகளின் குகைகளில் வெட்டி, தெப்பங்களிலும் படகுகளிலும் ஏற்றி, திறந்த கடல் வழியாகக் கொண்டுவந்தனர். கிளம்பியவர் அனைவரும் திரும்பவில்லை. கல்லின் மதிப்பு அளவால் மட்டும் அமையாமல், வேலைப்பாட்டாலும், கொண்டுவந்தவர் யார், வழியில் யார் உயிர் போயிற்று என்னும் வரலாற்றாலும் அமைவது இதனால்தான்.

1871இல் யாப் கரைக்கு வந்து சேர்ந்த டேவிட் ஓகீஃப் என்னும் கப்பல் தலைவர் இந்தக் கணக்கைக் குழப்பினார். கொப்பரைக்கும் கடல் அட்டைக்கும் ஈடாக, இரும்புக் கருவிகளையும் தம் கப்பலையும் கொடுத்து ஏராளமான கற்களை வெட்டிக் கொண்டுவரச் செய்தார். அவை பழைய கற்களைவிடப் பெரியவை. வெட்டும் உழைப்பும் ஆபத்தும் குறைந்ததால் மதிப்பில் அவற்றைவிடச் சிறியவை. ஒரு மனிதர் பணத்தைப் பெருக்கியும் பழைய பணம் மதிப்பிழக்காமல் நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு கல்லின் கதையையும் ஊர் நினைவில் வைத்திருந்ததே.

1903இல் அங்கே தங்கியிருந்த அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் ஹென்றி ஃபர்னஸ் பதிவு செய்த செய்தி இன்னும் வியப்பானது. பல தலைமுறைகளுக்கு முன் புயலில் கடலடியில் மூழ்கிய பெருங்கல் ஒன்று ஒரு குடும்பத்தின் செல்வமாகவே மதிக்கப்பட்டது. உயிரோடிருந்த எவரும் அதைப் பார்த்ததில்லை. சாலையைச் சீர்செய்ய மறுத்த ஊர்களின் கற்கள்மேல் ஜெர்மானிய அதிகாரிகள் கறுப்புக் குறி தீட்டி, இவை அரசுக்கு உரியவை என்று அறிவித்தனராம். மக்கள் உடனே சாலையைச் சீர்செய்தபின் அதிகாரிகள் அந்தக் குறியை அழித்துவிட்டனர். கெய்ன்ஸ், மில்டன் ஃப்ரீட்மன் போன்ற பொருளியலாளர்கள் இந்தச் செய்திகளை எடுத்துப் பேசியதால்தான் பொருளியல் வகுப்புகளில் யாப் பெயர் இன்றும் அடிபடுகிறது.

பார்க்க வேண்டிய இடத்தை மலல் என்பர்: ஊரின் நடனத் திடல். அதன் ஓரமாகக் கற்களை வரிசையாகச் சாய்த்து நிறுத்தியிருப்பர். வெளியார் இதற்குக் கல் வங்கி என்று பெயர் வைத்துள்ளனர். கொலோனியாவிலிருந்து நடந்தே சென்றடையும் பலபாத் ஊரிலும், ககில் பகுதியில் உள்ள மங்யோலிலும் சிறந்த வரிசைகள் உள்ளன. கற்களின்மேல் அமரவோ சாயவோ ஏறவோ கூடாது. நிழற்படத்துக்காகத் துளைக்குள் தலையை நுழைப்பது நகைச்சுவை ஆகாது. ஒரு கல்லைக் காட்டி, இதன் கதையைச் சொல்லலாமா என்று கேளுங்கள். சில கதைகளைச் சொல்வார்கள். சிலவற்றைச் சொல்வதற்கு அந்தக் குடும்பத்தாருக்கே உரிமை என்பார்கள். அன்றாடக் கொடுக்கல் வாங்கல் டாலரில் நடந்தாலும், திருமணம், நிலம், மன்னிப்பு ஆகியவற்றில் கல் இன்றும் கைமாறுகிறது. கைமாறும்போது கல் இடம் பெயர்வதில்லை. உரிமையாளர் பெயர் மட்டும் ஊரறிய மாறும்.

ஒன்பதாம் படி: நடனமும் நிழற்படமும்

யாப் நடனத்தில் அமர்ந்து ஆடுவது, நின்று ஆடுவது, மூங்கில் கழிகளை மோதி ஆடுவது, அணிநடை ஆட்டம் என வகைகள் உண்டு. ஒவ்வொரு நடனமும் ஓர் ஊரின் சொத்து. பிற ஊரார் அதை ஆட வேண்டுமானால் உரிய முறையில் பெற்றிருக்க வேண்டும். பாடல் வரிகள் பழைய மொழியில் இருப்பதால் ஆடுபவருக்கே முழுப்பொருள் விளங்காத நடனங்களும் உள்ளன. யாப் நாள் தவிர மற்ற நாள்களில் குழுவாகச் செல்பவர்களுக்கு முன்ஏற்பாட்டின்பேரில் ஓர் ஊர் ஆடிக் காட்டும். அதற்குரிய கட்டணம் ஊருக்குச் செல்கிறது; பேரம் பேசாதீர்கள்.

படம் எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மரபுடையில் இருக்கும் பெண்களின் படத்தை இணையத்தில் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். எடுக்கத் தந்த அனுமதி வெளியிடத் தந்த அனுமதி ஆகாது.

பத்தாம் படி: கடலுக்குள்

யாப் கடலில் மாண்டா திருக்கைகளை ஆண்டு முழுவதும் காணலாம். ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடமேற்கில் உள்ள மில் கால்வாயிலும், கோடையில் கிழக்குப் பக்கம் உள்ள கூஃப்னூ கால்வாயிலும் அவை மிகுதியாகக் கூடும். பவளப்பாறையில் குறிப்பிட்ட சில இடங்களில் அவை வந்து மிதந்து நிற்க, சிறு மீன்கள் அவற்றின் தோலையும் செவுளையும் துப்புரவு செய்யும். முக்குளிப்பவர் கீழே அசையாமல் காத்திருந்தால் அவை தலைக்கு மேலேயே வட்டமிடும். துரத்தினால் அன்றைய காட்சி எல்லோருக்கும் முடிந்துவிடும். நீரோட்டம் வலுவானது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ முன்பே முக்குளிப்புப் பயிற்சி முடித்து, பத்துப் பன்னிரண்டு முறையேனும் இறங்கிப் பழகிய பின் செல்லுங்கள். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் விடுங்கள்.

நீந்தத் தெரியாதவர்களுக்கு நான் இன்னும் உயர்வாகச் சொல்வது, யாப் தீவுக்கும் ககில்-தோமிலுக்கும் இடையே ஜெர்மானியர் காலத்தில் வெட்டிய தகெரெங் கால்வாயில் சிறு படகில் செல்வது. ஏற்றநீர் நேரத்தில் கண்டல் வேர்களுக்கிடையே துடுப்பு ஓசை மட்டுமே கேட்கும். இறக்கநீர் நேரத்தில் ஆழமற்ற கடற்கழியில் ஆய்ச் என்னும் கல் மீன்பொறிகள் வெளிப்படும். அம்பு முனை வடிவில் கல்லடுக்கிக் கட்டியவை. இறங்கும் நீரோடு திரும்பும் மீன் அதனுள் வழிதவறி நிற்கும். இத்தகைய பொறிகள் தீவைச் சுற்றி நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய குடும்பம் உண்டு. அவற்றின்மேல் நடக்காதீர்கள், அதற்குள் சிக்கிய மீனைத் தொடவும் வேண்டாம்.

பதினொன்றாம் படி: செல்லக் கூடாத இடங்களை விட்டுவிடுதல்

ருமுங் தீவுக்குப் பாலம் இல்லை. அழைப்பின்றி அயலார் அங்கே செல்வதும் இல்லை. மிகப் பெரிய ராய் கற்கள் அங்கேதான் உள்ளன என்பதால் ஆசை எழும். மாப் தீவின் வடமுனையிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

உலிதி, ஃபைஸ் முதலிய வெளித்தீவுகளுக்குச் சிறு விமானமும், மேலும் தொலைவானவற்றுக்கு அரசுக் கப்பலும் உண்டு. கப்பலுக்கு நாள் குறிப்பதும் மாற்றுவதும் வானிலையின் கையில். முன்கூட்டியே அரசு வழியாகத் தீவுத் தலைவரின் இசைவைப் பெற வேண்டும். அங்கே ஆண்கள் து என்னும் கோவணத் துணியும், பெண்கள் செம்பருத்தி இனச் செடியின் நாரிலும் வாழை நாரிலும் நெய்த பாவாடையும் அணிவர். 1944–45இல் அமெரிக்கக் கடற்படை நூற்றுக்கணக்கான கப்பல்களை நிறுத்திய உலிதிக் கடற்கழி இன்று மிக அமைதியானது. விண்மீனும் அலையும் மட்டுமே துணையாகக் கடலோடும் கலையை உலகுக்கு மீட்டுத் தந்த மாவ் பியாய்லுக், இந்த மாநிலத்தின் சதவால் தீவைச் சேர்ந்தவர். 1976இல் ஹோக்குலேயா என்னும் இரட்டைப் படகைக் கருவிகள் இன்றி ஹவாயிலிருந்து தஹிதிக்குச் செலுத்தியவர் அவரே. முதல் பயணத்தில் வெளித்தீவுகளைச் சேர்க்காதீர்கள். இரண்டாம் முறை, முன்பே அறிமுகமான முகமாகச் செல்வது உங்களுக்கும் எளிது, அவர்களுக்கும் எளிது.

உணவு குறித்துச் சில சொற்கள்

சேம்பு, வள்ளிக்கிழங்கு, ஈரப்பலா, வாழை, தேங்காய், மீன் ஆகியவையே மண்ணின் உணவு. கடைகளில் அரிசியும் தகர டப்பா இறைச்சியும் நிரம்பியிருக்கும். மரக்கறி மட்டும் உண்பவர் விடுதியில் முன்பே சொல்லி வைத்தால் கிழங்கும் தேங்காய்ப்பாலும் சோறும் கிடைக்கும்; அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். ஊரில் சேம்பு பரிமாறப்பட்டால் அதை எளிய உணவென்று நினைக்காதீர்கள். சேம்புக் குளம் பெண்களின் உழைப்பு. ஆண்கள் கடலிலிருந்து மீனையும் பெண்கள் நிலத்திலிருந்து கிழங்கையும் கொண்டுவந்தால்தான் ஒரு வேளை உணவு முழுமை பெறும் என்பது யாப் கணக்கு. குடிநீரைப் புட்டியிலோ காய்ச்சியோ பருகுங்கள்.

புறப்படும் முன்னும் பின்னும்

நினைவுப் பொருளாகச் சிப்பியும் பவளமும் எடுத்துவராதீர்கள். தென்னோலைக் கூடை, மரச் செதுக்கல், வெளித்தீவுப் பெண்கள் தறியில் நெய்த துணி ஆகியவற்றைச் செய்தவரிடமிருந்தே வாங்கலாம். துணி நெய்யப் பல நாள்கள் ஆகும் என்பதால் விலை கூடுதலாகத் தோன்றும். அது நியாயமான விலையே.

எடுத்த படங்களுள் நல்லவற்றை ஊர் திரும்பியதும் தாளில் அச்சிட்டு, அந்தந்த ஊருக்கு அனுப்பி வையுங்கள். புறப்படும் முன் வழித்துணையிடம் அவருடைய அஞ்சல் பெட்டி எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலுக்குக் கடிதம் கொண்டுவரும் வழக்கம் அங்கே இல்லை. அமெரிக்க அஞ்சல் முறையே நடப்பில் இருப்பதால், முகவரியின் இறுதியில் கொலோனியா, யாப் என்பதோடு 96943 என்னும் குறியீட்டு எண்ணையும் சேர்க்க வேண்டும். உறை போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். உள்ளே ஈரம் புகாதபடி நெகிழித் தாளில் சுற்றி ஒட்டுங்கள்.